நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் ஓடிய 'கிரேட் காமெட்' இசை நாடகம் 2017-ல் மூடப்பட்டதற்கு அதன் ரசிகர்களின் கோபமே காரணம் என்கிறார்களே, உண்மையா? ஒரு நாடகம் நின்றதற்கு ஏன் அவ்வளவு கொந்தளிப்பு?

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. கல்லாவில் ஏற்கனவே ஓட்டை விழுந்திருந்தது. ரசிகர்கள் போட்ட சத்தத்தில் அது ஊருக்கே தெரிந்துபோனது, அவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். நியூயார்க்குக்கு ரயிலேறினால் நாடகம் பார்க்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக இந்த ஊர் வாடகையைப் பொறுத்துக்கொள்கிறவன். இந்த நாடகத்தின் நாயகன் பியராகப் பாடகர் ஜோஷ் க்ரோபன் நடித்தபோதும் பார்த்தேன், அவருக்குப் பிறகு வந்தவர் நடித்தபோதும் பார்த்தேன். அதனால் இதில் நான் நடுநிலையானவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

முழுப்பெயர் 'நட்டாஷா, பியர் அண்ட் த கிரேட் காமெட் ஆஃப் 1812'. டால்ஸ்டாயின் பெருநாவல், தமிழில் டி.எஸ்.சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' என்று மொழிபெயர்த்தாரே, அதிலிருந்து சுமார் 70 பக்கங்களை மட்டும் கிள்ளியெடுத்து டேவ் மல்லாய் எழுதி இசையமைத்தது. போர்க்களம் எதுவும் கிடையாது. நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை ஊரில் இல்லாத நேரத்தில் அனடோல் என்ற அழகனிடம் மயங்கி ஓடிப்போகத் துணியும் நட்டாஷா, பணமிருந்தும் வாழ்க்கை பிடிக்காமல் குடித்துக்கொண்டிருக்கும் பியர், கடைசியில் வானத்தில் ஒரு வால்நட்சத்திரம். கதை இவ்வளவுதான். பேச்சு வசனம் அநேகமாகக் கிடையாது, எல்லாமே பாட்டு. ரஷ்யப் பெயர்கள் குழப்பும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்ததால் முதல் பாட்டே யார் யார் என்ன உறவு என்று அறிமுகம் செய்துவைக்கும் பாட்டு. போதாததற்கு அரங்கில் கொடுக்கும் ப்ளேபில் என்ற நிகழ்ச்சிக் கையேட்டில் உறவு வரைபடமும் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

2012-ல் ஆர்ஸ் நோவா என்ற சின்ன அரங்கில் தொடங்கியது. உட்கார 87 பேருக்குத்தான் இடம். அங்கே நட்டாஷாவாக நடித்தவர் பிலிப்பா சூ, பின்னாளில் பெருவெற்றி பெற்ற 'ஹாமில்டன்' நாடகத்தின் நாயகி எலைசா. பியர் வேடம் மல்லாயே போட்டார். அடுத்த ஆண்டு மன்ஹாட்டனில் ஒரு கூடாரம் அடித்து, ரஷ்யச் சாப்பாட்டுக் கூடம்போல மேசை நாற்காலி போட்டு நடத்தினார்கள். அப்புறம் பாஸ்டன் பக்கம் கேம்பிரிட்ஜில் கொஞ்ச காலம். 2016 நவம்பர் 14 அன்று பிராட்வேயின் இம்பீரியல் தியேட்டர்.

அந்த அரங்கை அவர்கள் படுத்திய பாட்டைப் பார்த்தவர்களால் மறக்க முடியாது. மேடை வடிவமைப்பாளர் மிமி லியென் மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவிலிருந்த எல்லையையே எடுத்துவிட்டார். சிவப்பு வெல்வெட் திரை, தங்கச் சட்டமிட்ட ஓவியங்கள், மேலிருந்து இறங்கும் விளக்குக் கொத்துகள். பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் மேடைமேலேயே உட்கார்ந்திருப்பார்கள். நடிகர்கள் வயலினோடும் அக்கார்டியனோடும் நம் முழங்காலை உரசிக்கொண்டு ஓடுவார்கள், பால்கனிவரை ஏறுவார்கள். ஆரம்பத்தில் பிரோகி என்ற ரஷ்யப் பண்டத்தைச் சின்னப் பெட்டியில் வைத்துக் கையில் கொடுப்பார்கள், ஒரு பாட்டில் தாளம் போட முட்டை வடிவக் கிலுகிலுப்பையும் கிடைக்கும். இயக்குநர் ரேச்சல் சாவ்கின். இப்படி நடத்தினால் பார்க்க வருகிறவர்கள் விருந்தாளிகளாகிவிடுவார்கள், விருந்தாளிகள் திரும்பத் திரும்ப வருவார்கள். வந்தார்கள். இந்த நாடகத்தின் ரசிகர்களுக்கு ஏன் அவ்வளவு சொந்தம் பாராட்டத் தோன்றியது என்பதன் பாதி விளக்கம் அந்த மேடையிலேயே இருக்கிறது.

ஆனால் இந்த அழகுக்கெல்லாம் விலை உண்டு. நாடகத்தில் போட்ட முதலீடு 1 கோடியே 40 லட்சம் டாலர். மேடைக்காக இருக்கைகளை இழந்து, சுமார் 1,200 பேருக்குத்தான் இடம். கும்பலாக நடிகர்கள், அதுபோக இசைக்கலைஞர்கள், மேடைப் பணியாளர்கள், அரங்க வாடகை, விளம்பரம். வாரத்துக்கு எட்டுக் காட்சி நடத்தினால் இந்தச் செலவு வாரா வாரம் வந்து நிற்கும். டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் வந்து நிற்கும். அதைக் கட்டிய பிறகு மிஞ்சுவதுதான் முதல் போட்டவர்களுக்கு.

பிராட்வேயை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் பலர் தவறவிடுவது இந்தக் கணக்கைத்தான். ஒரு நாடகத்தை ஐந்தாயிரம் பேர் உயிராக நேசித்து ஆளுக்கு நான்கு முறை பார்த்தாலும் இரண்டு, மூன்று வாரம்தான் அரங்கு நிறையும். அதன் பிறகும் ஓட வேண்டுமென்றால், ஒஹாயோவிலிருந்து சுற்றிப்பார்க்க வந்து, டைம்ஸ் ஸ்கொயரில் நின்று, 'இன்றைக்கு எதைப் பார்க்கலாம்' என்று யோசிக்கிற குடும்பம் உள்ளே வர வேண்டும். பியர் என்றால் யார், 1812-ல் என்ன ஆச்சு என்பதெல்லாம் அந்தக் குடும்பத்துக்கு எதற்கு? அவர்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் ஜோஷ் க்ரோபன். லட்சக்கணக்கில் இசைத்தட்டு விற்ற பாடகர், அதுவே அவருக்கு முதல் பிராட்வே வேடம். அவர் இருந்தவரை வார வசூல் சாதாரணமாகப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அரங்கின் நெற்றியில் அவர் பெயர்தான் முதலில் கண்ணில் படும்.

பிராட்வேயின் உயரிய விருதான டோனிக்கு 2017-ல் 12 பரிந்துரைகள், அந்த ஆண்டு வேறெந்த நாடகத்துக்கும் அவ்வளவு இல்லை. கடைசியில் கிடைத்தது இரண்டு. ஒன்று மேடை அமைப்புக்கு, மற்றொன்று ஒளியமைப்புக்கு. சிறந்த இசை நாடகத்துக்கான விருது 'டியர் எவன் ஹான்சன்' பக்கம் போய்விட்டது. அந்த ஒரு விருது கிடைத்திருந்தால் ஒஹாயோ குடும்பம் நட்சத்திரம் இல்லாமலும் வந்திருக்கும். விருது வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஜூலை தொடக்கத்தில், க்ரோபன் ஒப்பந்தப்படி விலகினார்.

அவருக்குப் பதிலாக வந்தவர் ஓக்கியரீட்டே ஓனாடோவன், எல்லாரும் ஓக் என்பார்கள். 'ஹாமில்டன்' மூல நடிகர் குழுவில் மல்லிகன், மேடிசன் இரண்டு வேடமும் செய்தவர். பியர் வேடத்துக்கு அக்கார்டியன் வாசிக்க வேண்டும், பியானோ வாசிக்க வேண்டும். பயிற்சிக்குக் கூடுதலாக ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஜூலை 11 அன்று மேடையேறினார். அதே காலத்தில் நட்டாஷாவின் உறவுக்காரத் தோழி சோன்யா வேடத்துக்குப் பாடகி இன்கிரிட் மைக்கேல்சன் சில வாரங்களுக்கு வந்திருந்தார். ஓக்கின் பியர் எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், க்ரோபனின் குரல் கூரையைத் தொடும், ஓக் அதற்குப் போட்டி போடவில்லை. ஆனால் பியர் என்கிற ஆளின் கூச்சமும், தன் உடம்பே தனக்குப் பாரமாக இருப்பதும் ஓக்கிடம்தான் எனக்குத் தெரிந்தது. நாவல் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் கருத்துப் பெட்டியில் வாருங்கள்.

ஓக் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். ஜூலை கடைசி வாரத்தில் ஓர் அறிவிப்பு: ஆகஸ்ட் 13-உடன் ஓக் விலகுகிறார், 15 முதல் செப்டம்பர் 3 வரை பியர் வேடத்தில் மாண்டி பட்டின்கின். பட்டின்கின் பிராட்வேயின் பழம்பெரும் குரல், டிவி தொடர்களால் வீடுதோறும் தெரிந்த முகம். ஓக்கின் ஒப்பந்தமோ செப்டம்பர் தொடக்கம்வரை இருந்தது. ஓக் தானாகவே இடம் விட்டுக்கொடுக்கிறார் என்பதுபோல அறிவிப்பின் தொனி.

ட்விட்டர் பற்றிக்கொண்டது. 'ஹாமில்டன்' ரசிகர்கள், கறுப்பின நாடகக் கலைஞர்கள், இந்த நாடகத்தின் சொந்த ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து கேட்ட கேள்வி ஒன்றுதான். ஒரு கறுப்பின நடிகருக்கு முக்கிய வேடம் கொடுத்து, அவர் பெயரை நிலைநாட்ட நேரமும் கொடுக்காமல், விற்பனை குறைந்ததும் ஒரு வெள்ளை நட்சத்திரத்துக்காக நகரச் சொல்வீர்களா? இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாடகத்தில் நட்டாஷாவே கறுப்பின நடிகைதான், டெனே பென்டன். பத்தொன்பதாம் நூற்றாண்டு மாஸ்கோவைப் பல இன முகங்களோடு காட்டியது இவர்களின் பெருமையாகவே பேசப்பட்டது. அந்தப் பெருமையை நம்பி வந்த ரசிகர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. இதே காரியத்தை வேறொரு கம்பெனி செய்திருந்தால் இந்த அளவுக்குக் கோபம் வந்திருக்காது.

பட்டின்கின் இரண்டே நாளில் விலகிவிட்டார். இன்னொரு நடிகருக்குத் தீங்கு செய்து தனக்கு ஒரு வேடம் வேண்டாம், தன்னிடம் விஷயத்தை வேறு மாதிரிச் சொல்லியிருந்தார்கள் என்பது அவர் விளக்கம். தயாரிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். ஓக்கைத் தொடரச் சொன்னார்கள், அவர் மறுத்து, சொன்ன தேதியிலேயே போனார். போகாமல் என்ன செய்வார்! அந்த நிலையில் எட்டுக் காட்சிக்கும் சிரித்த முகமாக வந்து நிற்க யாரால் முடியும்?

மல்லாய் அந்த நாட்களில் ட்விட்டரில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். நாடகம் மோசமான நிலையில் இருக்கிறது, இன்கிரிட் போன பிறகான வாரங்களுக்கு விற்பனை படுபாதாளத்தில் இருக்கிறது, யாராவது தெரிந்த பெயர் வந்தால்தான் பிழைக்கும் என்ற நிலையில் இதைச் செய்தோம், இனம் சார்ந்து இது எப்படித் தெரியும் என்பதைக் கவனிக்கத் தவறினோம் என்கிற பொருளில். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. இதையெல்லாம் அவர் சொன்னது நாடகம் மூடும் அறிவிப்புக்கு முன்னால். அதாவது ரசிகர்கள் வாய் திறப்பதற்கு முன்பே ஆகஸ்ட் இரண்டாம் பாதி காலியாகக் கிடந்தது. பட்டின்கினை அழைத்ததே அதனால்தான். அவர் வந்திருந்தாலும் மூன்று வாரம். செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறை முடிந்ததும் சுற்றுலாக் கூட்டம் வடிந்துவிடும், பிராட்வேக்கு ஆண்டின் வறண்ட காலம் அது. அதற்கப்புறம் யாரை அழைப்பார்கள்?

பட்டின்கின் விலகி இரண்டு வாரத்துக்குள்ளாகவே, செப்டம்பர் 3 கடைசி நாள் என்று அறிவித்துவிட்டார்கள்.

அடுத்து வந்ததுதான் நீங்கள் கேட்கிற கொந்தளிப்பு. ஒரு கோஷ்டி, 'உங்கள் ஹேஷ்டேக்குக்கு ஒரு நாடகமே பலி, இன வேறுபாடு பார்க்காமல் வேலை கொடுத்த நாடகத்தை மூடவைத்து அத்தனை கலைஞர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்' என்றது. இன்னொரு கோஷ்டி, 'விற்கத் தெரியாமல் விற்று, அவசரத்தில் அசிங்கப்படுத்தியது தயாரிப்பாளர்கள், பழி எங்கள்மேலா' என்றது. மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் யாரையும் திட்டவில்லை, மிச்சமிருந்த காட்சிகளுக்கு டிக்கெட் வாங்கினார்கள். காலையில் வரிசையில் நின்று வாங்குகிற மலிவு டிக்கெட், குலுக்கலில் விழுகிற லாட்டரி டிக்கெட், எது கிடைத்தாலும். கடைசி வாரங்களில் மல்லாயே மறுபடி பியராக மேடையேறினார். எழுதியவரே நடிக்க, 87 இருக்கைக் காலத்தைப் பார்க்காதவர்களுக்கு அது கிடைத்தது. செப்டம்பர் 3 அன்று 336-வது காட்சியோடு முடிந்தது. போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை.

கோபப்பட்டவர்கள் சரியா தப்பா என்றால், சரி என்பேன். டிக்கெட் விற்காதது உண்மையான பிரச்சினை. ஆனால் அந்தப் பிரச்சினையை ஓக்கின் தலையில் இறக்கியது இன்னொரு விஷயம். முதலாவதற்காக இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ரசிகர்களிடம் கேட்பது அநியாயம். அதே சமயம், கோபப்பட்டவர்களில் எத்தனை பேர் ஓக் நடித்த வாரங்களில் டிக்கெட் வாங்கினார்கள் என்று கேட்டால் சங்கடமாக இருக்கும். ஆஸ்திரேலியாவிலும் மணிலாவிலும் உட்கார்ந்து ஆல்பம் கேட்டு உயிரை விட்ட பிள்ளைகளால் வாங்கவும் முடியாதே. நேசிக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரே ஆட்கள் இல்லை என்பது இந்தத் தொழிலின் சாபக்கேடு.

ஏன் துக்கவீடு மாதிரி அழுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு படத்தைத் தியேட்டரை விட்டுத் தூக்கினால் வருத்தப்படுவோம், பொங்கலுக்கு டிவியில் போடுவான் என்று விட்டுவிடுவோம். பிராட்வேயில் தூக்கினால் தூக்கினதுதான். மேடையைப் பிரித்து, அரங்கைப் பழையபடி கட்டி, அடுத்த நாடகத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். இம்பீரியலில் அடுத்த வசந்தத்தில் 'கரோசல்' வந்துவிட்டது. பெரும்பாலான நாடகங்களுக்கு வெளியே விற்கும் வீடியோப் பதிவு கிடையாது. லிங்கன் சென்டரில் இருக்கும் நியூயார்க் பொது நூலகக் கிளையில் 1970 முதல் நாடகங்களைப் பதிவு செய்து சேர்க்கிறார்கள், ஆனால் அங்கே நேரில் போய் அனுமதி பெற்றுத்தான் பார்க்க முடியும். அதனால் ரசிகர்கள் திருட்டுத்தனமாக எடுத்த வீடியோக்களை யூடியூபில் 'ஸ்லைம் டுட்டோரியல்' என்று தலைப்பிட்டு ஏற்றுவார்கள். குழந்தைகள் விளையாடும் பிசுபிசு களிமண் செய்வது எப்படி என்று தேடி வந்த யாரோ ஒரு தாய், மாஸ்கோ பிரபுக்களின் நடனத்தைப் பார்த்து விழித்திருப்பார். சட்டப்படி தப்புதான். இருந்தாலும் இந்தத் தந்திரத்தை நினைத்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

ரசிகர்களின் சத்தம் எதையும் மாற்றாது என்றும் சொல்லிவிட முடியாது. 1988-ல் வந்த படத்தைத் தழுவிய 'பீட்டில்ஜூஸ்' கதை வேறு மாதிரிப் போனது. 2019 ஏப்ரலில் வின்டர் கார்டன் அரங்கில் தொடங்கி, முதல் வாரங்களில் வசூல் சுமார்தான். அரங்க ஒப்பந்தங்களில் ஒரு விதி இருக்கும், வசூல் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே தொடர்ந்து போனால் அரங்கக்காரர் வெளியேறச் சொல்லலாம். டோனி விழாவில் ஆடிய பிறகும், டிக்டாக்கில் பிள்ளைகள் அந்தப் பாடல்களுக்கு வாயசைத்த பிறகும் கூட்டம் ஏறி, நவம்பர் இறுதியில் அந்த அரங்கின் வசூல் சாதனையையே முறியடித்தது. அடுத்த சில நாட்களில் வந்தது, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்! ஆரம்ப வாரங்களின் குறைந்த வசூலே அந்த விதிக்கு இடம் கொடுத்திருந்தது. ஹியூ ஜாக்மன் நடிக்கும் 'த மியூசிக் மேன்' அந்த அரங்குக்கு வரவிருந்தது. நாடகத்தில் பீட்டில்ஜூஸ் போடும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கோட்டும் நாயகி லிடியாவின் சிவப்பு கவுனும் போட்டுக்கொண்டு நாடகத்துக்கே வருகிற ரசிகர்கள் மனு போட்டார்கள், திட்டினார்கள், இன்னும் அதிகமாக டிக்கெட் வாங்கினார்கள். 2020 ஜூன்வரை ஓட வேண்டியதை மார்ச்சிலேயே கொரோனா நிறுத்தியது. 2022 ஏப்ரலில் மார்க்கீ அரங்கில் மறுபடி திறந்து, 2023 ஜனவரிவரை ஓடியது. மனுவைப் பார்த்து யாரும் மனமிரங்கவில்லை. இந்த ரசிகர்கள் பணம் கொடுத்து வருவார்கள் என்று வசூல் நிரூபித்திருந்தது, அதனால் இன்னோர் அரங்கு கிடைத்தது.

'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா' இன்னும் வேடிக்கை. 35 ஆண்டு ஓடிய நாடகம். மூடப்போகிறோம் என்று 2022 செப்டம்பரில் சொன்னதும், 'எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். வார வசூல் 30 லட்சம் டாலரைத் தாண்டியது. இரண்டு மாதம் நீட்டித்து 2023 ஏப்ரல் 16 அன்று மூடினார்கள். அந்தக் கூட்டம் ஆறு மாதம் முன்னால் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள், என்னைப் போலச் சோபாவில் இருந்திருப்பார்கள்.

'கிரேட் காமெட்' ஆட்கள் யாரும் வீணாகப் போகவில்லை. சாவ்கின் அடுத்து 'ஹேடஸ்டவுன்' இயக்கி 2019-ல் டோனி வாங்கினார், இங்கே பியரின் மனைவி ஹெலனாகக் கலக்கிய ஆம்பர் க்ரே அதில் பெர்செபனி. டெனே பென்டன் 'ஹாமில்டன்'-இல் எலைசாவானார். நாடகமே ஜப்பானுக்குப் போனது, 2024 இறுதியில் லண்டன் டான்மார் வேர்ஹவுஸ் அரங்குக்கும் வந்தது. அது 250 பேருக்குப் பக்கமாக உட்காரும் இடம். இந்த நாடகத்துக்கு அதுதான் சரியான அளவு என்பது என் கட்சி.

கேட்டுப் பார்க்க விரும்பினால் இரண்டு ஆல்பம் இருக்கிறது. 2013-ல் வந்ததில் பிலிப்பா சூவும் மல்லாயும், 2017-ல் வந்ததில் பென்டனும் க்ரோபனும். எல்லாமே பாட்டு என்பதால் முழுக் கதையும் கிடைத்துவிடும். க்ரோபனுக்காகச் சேர்த்த 'டஸ்ட் அண்ட் ஆஷஸ்' இரண்டாவதில்தான் இருக்கும். முதல் தடவை கேட்பவர்கள் 2017-இல் தொடங்குங்கள், பெயர்கள் பிடிபட்ட பிறகு பழையதுக்குப் போங்கள்.